திரினிடாட்டில் பத்து நாட்கள்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள். பத்தாம் தர மாணவியருக்குப் புவியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் "மேற்கிந்தியத் தீவுகள்: பெருந்தோட்டப் பயிர் கரும்பு, தொழிலாளர் ஆபிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்டனர்" என்று எழுதினேன். மலையகத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

"டீச்சர், அந்த ஆக்கள்ட பேரெல்லாம் எங்கயாவது எழுதி வெச்சிருக்கா?"

"அது சோதனைக்கு வராது, இருங்க மகள்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு அவள் என் பாடத்தில் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சென்ற ஏப்ரல் விடுமுறையில் திரினிடாட் தீவுக்குப் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என் தம்பி அங்கே தொழில் புரிகிறார். பத்து நாட்கள் அவர் வீட்டில் தங்கி, பார்க்க வேண்டியவற்றைப் பார்த்தேன். போகும்போது கடற்கரையும் தென்னையும்தான் என் மனதில் இருந்தன. திரும்பி வரும்போது அந்த மாணவியின் கேள்வி என்னோடு வந்தது. இக்கட்டுரையை எழுதக் காரணம் அதுதான்.

தீவின் அமைவிடம்

கரீபியன் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில் திரினிடாட் அமைந்துள்ளது. தென்னமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டிலிருந்து மிகக் கிட்டிய இடத்தில் 11 கிலோமீற்றர் தூரம்தான். பரப்பளவில் இலங்கையின் பதினான்கில் ஒரு பங்கு அளவு எனலாம். அண்டைத் தீவான டொபேகோவோடு சேர்ந்து 1962இல் சுதந்திரம் பெற்றது. ஜனவரி முதல் மே வரை அங்கு வறண்ட காலம். சுற்றிப் பார்க்க ஏற்ற காலமும் அதுவே. நம் நாட்டைப் போலவே வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாகச் செல்கின்றன.

தலைநகர் போர்ட் ஒப் ஸ்பெயினில் முதலில் தம்பி காட்டியது குயின்ஸ் பார்க் ஓவல் விளையாட்டு மைதானத்தை. 2007ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் நம் அணி இந்தியாவை வென்றது இங்கேதான். அந்த இரவு கண்விழித்துப் பார்த்த பெற்றோர் பலருக்கு இது நினைவிருக்கும்.

நடக்கக்கூடிய ஏரி

தீவின் தென்மேற்கில் லா பிரே என்ற ஊரில் தார் ஏரி உள்ளது. ஏறத்தாழ 40 ஹெக்டயர் பரப்பு. உலகின் மிகப் பெரிய இயற்கைத் தார்ப் படிவு இதுவே. தூரத்திலிருந்து பார்த்தால் பாழடைந்த வாகனத் தரிப்பிடம் போல் இருக்கும். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றுகூட நினைத்தேன். கால் வைத்ததும் எண்ணம் மாறியது. மேற்பரப்பு யானைத் தோல் போல் சுருங்கியிருக்கிறது. சில இடங்களில் உறுதியாகவும் சில இடங்களில் கால் புதையும்படியும் இருப்பதால் வழிகாட்டியின் அடியொற்றித்தான் நடக்க வேண்டும். நிலத்தின் ஆழத்திலிருந்து கசியும் எண்ணெயில் இலேசான பகுதி ஆவியாகிப் போக, கனத்த பகுதி தாராக எஞ்சுகிறது. 1595இல் ஆங்கிலேயக் கடலோடி வோல்டர் ராலே தன் கப்பல்களின் இடுக்குகளை அடைக்க இந்தத் தாரைப் பயன்படுத்தினார். பிற்காலத்தில் உலகின் பல நகர வீதிகளுக்கு இங்கிருந்து தார் சென்றது.

செந்நிறப் பறவைகளும் கடலாமையும்

மேற்குக் கரையிலுள்ள கரோனி சதுப்பு நிலத்துக்கு மாலை நான்கு மணிக்குப் படகில் போனோம். கண்டல் மரங்களுக்கிடையே ஒடுங்கிய நீர்வழி. சூரியன் சாயும் நேரம் செந்நிற அரிவாள்மூக்கன்கள் கூட்டம் கூட்டமாக வந்து மரங்களில் அடைகின்றன. பச்சை மரம் சில நிமிடங்களில் பூத்தது போலாகிவிடுகிறது. இது அந்நாட்டின் தேசியப் பறவைகளுள் ஒன்று. குஞ்சாக இருக்கும்போது மங்கிய பழுப்பு நிறம். உண்ணும் நண்டு, இறால் வகைகளில் உள்ள நிறமிதான் வளர வளர இறகைச் சிவப்பாக்குகிறது.

வடகரையில் கிராண்ட் ரிவியர் என்னும் சிற்றூரில் ஓர் இரவு தங்கினோம். மார்ச் முதல் ஓகஸ்ட் வரை உலகின் மிகப் பெரிய கடலாமைகள் இங்கு முட்டையிட வருகின்றன. இவற்றின் முதுகில் கடின ஓடு இல்லை. தடித்த தோலே போர்த்தியிருக்கிறது. அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் இன்றி இரவில் கரைக்குச் செல்லக் கூடாது. வெள்ளை வெளிச்சம் ஆமையைக் குழப்பும் என்பதால் சிவப்பு விளக்குத்தான். எங்கள் முன்னே ஓர் ஆமை பின் துடுப்புகளால் மண்ணை அள்ளி அள்ளிக் குழி தோண்டி, முட்டையிட்டு, மூடி, தடம் தெரியாமல் மணலைக் கலைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் சென்றிருக்கும். எவரும் பேசவில்லை.

உணவும் இசையும்

காலையில் தெருவோரத்தில் "டபிள்ஸ்" வாங்கிச் சாப்பிடுவது அங்குள்ளோரின் வழக்கம். மஞ்சள் கலந்த மாவில் பொரித்த இரண்டு மெல்லிய ரொட்டிகளுக்கிடையே கொண்டைக்கடலைக் கறி. 1930களில் பிரின்ஸஸ் டவுன் என்ற ஊரில் தீன் என்ற முஸ்லிம் குடும்பத்தினர் விற்கத் தொடங்கியது இது. இன்று இனம், மதம் பாராமல் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். "மிளகாய் கொஞ்சம்" என்று சொல்லித்தான் வாங்கினேன். அந்தக் கொஞ்சமே எனக்குப் போதுமாக இருந்தது.

மாலையில் ஸ்டீல்பான் இசைப் பயிற்சி ஒன்றைக் கேட்டோம். ஆபிரிக்க வம்சாவளி மக்களின் மேளங்களைப் பிரித்தானிய ஆட்சி தடைசெய்தது. அவர்கள் மூங்கில் குழாய்களைத் தட்டினார்கள். பின்பு தகரப் பேணிகளை. இறுதியில் வீசப்பட்ட எண்ணெய்ப் பீப்பாய்களை. பீப்பாயின் அடிப்புறத்தைச் சுத்தியலால் தட்டிக் குழித்து, ஒவ்வொரு புடைப்பிலும் ஒரு சுரம் வரும்படி செய்தார்கள். இன்று அது அந்நாட்டின் தேசிய வாத்தியம்.

நெல்சன் தீவு

தலைநகருக்கு அப்பால் கடலில் நெல்சன் தீவு என்ற சின்னஞ்சிறு தீவு உண்டு. சுற்றுலாப் படங்களில் அது அதிகம் வருவதில்லை. நான் கேட்டுக்கொண்டதால் தம்பி படகுப் பயணம் ஒழுங்கு செய்தார்.

1838இல் அடிமை முறை முற்றாக ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1845 மே 30ஆம் திகதி கல்கத்தாவிலிருந்து முதல் கப்பல் திரினிடாட் வந்து சேர்ந்தது. அதில் ஏறத்தாழ 225 பேர். அக்கப்பலின் பெயர் ஃபத்ஹுர் ரஸ்ஸாக். அங்குள்ளோர் "பாட்டல் ரசாக்" என்கிறார்கள். 1917 வரை ஏறத்தாழ 1 இலட்சத்து 44 ஆயிரம் பேர் இவ்வாறு ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். பெரும்பாலோர் வட இந்தியர். சென்னைத் துறைமுகம் வழியாக வந்த தமிழரும் இருந்தனர். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியே காணப்பட்டால் சிறை. 1866 முதல் புதிதாக வருவோர் நெல்சன் தீவில் இறக்கப்பட்டு, நோய் உண்டா என்று பரிசோதிக்கப்பட்டே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் தங்கிய கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன.

எங்கள் படகில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு முஸ்லிம் பெண்மணி, பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார். நான் தலையை மூடியிருப்பதைக் கண்டு ஸலாம் சொல்லிப் பேச்சுக் கொடுத்தார். ஆசிரியை என்றதும், "எங்களைப் பற்றி உங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள், பேட்டி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பேட்டி என்றால் அவர்கள் வழக்கில் மகள்.

கரும்பலகையில் நான் எழுதிய அந்த ஒரு வரியைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கைப்பையிலிருந்து மடித்த ஒரு பிரதியை எடுத்தார். அவருடைய பாட்டியின் தாயாருக்குப் புறப்படும்போது கொடுக்கப்பட்ட பத்திரத்தின் நகல். பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், பஸ்தி மாவட்டத்தில் ஒரு கிராமம், இடது புருவத்தில் தழும்பு.

"சிறு வயதில் எங்களுக்கு அவருடைய இலக்கம் மட்டும்தான் தெரியும். என் மகன்தான் ஆவணங்களில் தேடிக் கண்டுபிடித்தான். இப்போது பிள்ளைகளுக்குப் பெயர் தெரியும்" என்றார். பேரப்பிள்ளை ஒன்று அந்தப் பெயரை உரத்துச் சொல்லிக் காட்டியது.

அவர்களின் பெயர்கள் எழுதித்தான் வைக்கப்பட்டிருந்தன. திரினிடாட், கயானா, சூரினாம், பிஜி ஆகிய நாடுகளிலுள்ள இந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்களை 2011இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. என் மாணவிக்குச் சரியான பதில் ஒன்று இருந்தது. நான் தேடவில்லை.

அவள் ஏன் கேட்டாள் என்பதும் அன்றிரவுதான் எனக்கு உறைத்தது. அதே 1840களில் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் மன்னார் வழியே காடுகளூடாக நடந்து நம் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். வழியில் இறந்தோர் பலர். அவள் திரினிடாட்டைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

மாணவியருக்கு

எங்கு சுற்றுலா போனாலும், அது கரீபியனாக இருந்தாலும் நுவரெலியாவாக இருந்தாலும், கடற்கரையையும் நீர்வீழ்ச்சியையும் ஆசை தீரப் பாருங்கள். அவை பார்க்க வேண்டியவைதான். அதோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். இந்த இடத்தில் உழைத்தவர்கள் யார்? அவர்கள் எங்கிருந்து, எப்படி வந்தார்கள்? அவர்களின் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பெற்றோரும் தம் மூத்தவர்களின் பெயர்களையும் ஊர்களையும் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுங்கள். நான்கு தலைமுறைக்கு மேல் சொல்லத் தெரியாத வீடுகள் நம்மிடையேயும் உண்டு. என் வீடும் அதில் ஒன்று.

அந்தப் பாட்டியின் தாயாருடைய பெயரை இங்கு அச்சிடும் உரிமை எனக்கில்லை. அது அக்குடும்பத்தின் சொத்து. ஆனால் அனுமதி பெற்று என் பாடக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை மேற்கிந்தியத் தீவுகள் பாடம் வரும்போது அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன்.

கேள்வி கேட்ட மாணவி இன்று இரண்டு பிள்ளைகளின் தாய் என்று கேள்விப்பட்டேன். இந்தச் சஞ்சிகை அவள் கைக்கும் போகக்கூடும். மகள், பெயர்கள் இருக்கின்றன. அன்று உங்களை உட்காரச் சொன்னது என் பிழை.