தோள்பட்டைக்கு அடியில் ஒளியும் கட்டி: எலாஸ்டோஃபைப்ரோமா அறுவை சிகிச்சை

தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கும் விலா எலும்புகளுக்கும் நடுவே, தசைகளுக்கு அடியில் வளரும் அபூர்வமான நார்க்கட்டி எலாஸ்டோஃபைப்ரோமா டார்சை. பின்லாந்து மருத்துவர்களான யார்வியும் சாக்ஸனும் 1961-இல் இதை விவரித்தார்கள். 50 வயதைக் கடந்த பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. பலருக்கு இரண்டு பக்கமும் இருக்கும். இது புற்றுநோய் அல்ல.

முதலில் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது கட்டி எலும்புக்கு அடியில் போய் மறைந்துகொள்ளும். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு சற்றுக் குனியச் சொன்னால், தோள்பட்டை விலகி, கெட்டியான புடைப்பு வெளியே வரும். கையைத் தூக்கி இறக்கும்போது 'கடக்' என்று ஓசை கேட்பதும் உண்டு.

அடுத்தது எம்.ஆர்.ஐ. தசையைப் போலத் தெரியும் நார்த்திசுவுக்குள் கொழுப்பு கோடுகோடாக ஓடியிருக்கும். வயது, இடம், படம் மூன்றும் பொருந்தினால் பெரும்பாலும் பயாப்ஸி தேவைப்படாது. படம் வேறுமாதிரி இருந்தாலோ கட்டி வேகமாக வளர்ந்தாலோ பயாப்ஸி செய்யாமல் கத்தி வைக்கக் கூடாது. அது சர்க்கோமா என்னும் புற்றுநோயாக இருந்தால் அறுவை சிகிச்சையின் திட்டமே மாறிவிடும்.

பிறகு, அறுவை தேவையா என்ற கேள்வி. வலியோ கை அசைவில் தடையோ இல்லாதவருக்குத் தேவையில்லை. படத்தில் தற்செயலாகத் தென்பட்டது என்பதற்காக மட்டும் முதுகைக் கிழிப்பது சரியல்ல.

தேவை என்றால், பொது மயக்கம் கொடுத்து நோயாளியை ஒருக்களித்தோ குப்புறவோ படுக்க வைப்பார்கள். அந்தப் பக்கத்துக் கையைக் கட்டிப்போடாமல், நகர்த்தும்படி விடுவது முக்கியம். கையை முன்னால் இழுத்தால்தான் தோள்பட்டை விலகிக் கட்டிக்கு வழி கிடைக்கும். எலும்பின் கீழ்முனையை ஒட்டித் தோலைக் கீறி, முதுகின் லாட்டிசிமஸ் தசையைக் கூடியவரை வெட்டாமல் ஒதுக்கி உள்ளே போக வேண்டும். கொழுப்புக்கட்டியைப் போல இது விரலால் சுற்றினால் கழன்று வராது. இதற்கு உறை கிடையாது. விலா எலும்பின் மேற்சவ்வோடும் தசையோடும் ஒட்டிக்கிடக்கும். வெளிறிய நாரும் மஞ்சள் கொழுப்பும் கலந்த அந்தத் திசு முடியும் ஓரத்தைப் பார்த்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும். விலா எலும்பை எடுக்க வேண்டியதில்லை. விலாப்புறத்துச் செராட்டஸ் தசைமேல் இறங்கும் நரம்பு அறுபட்டால் தோள்பட்டை இறக்கைபோல் துருத்திக்கொள்ளும் என்பதால் அதைக் காப்பது கட்டாயம்.

கட்டி போன இடத்தில் குழி விழுகிறது. தோள்பட்டை அசைய அசைய அதில் நீர் கோர்க்கும். அதிகமாக வரும் சிக்கல் இதுவே. ரத்தக் கசிவை முழுவதும் நிறுத்தி, தசையை அடித்தளத்தோடு சேர்த்துத் தைத்து, உறிஞ்சும் வடிகுழாய் வைத்து, இறுக்கிக் கட்டுப்போட வேண்டும். குழாயை எடுக்க அவசரப்படக் கூடாது. ஒரு நாள் வடிவது சுமார் 30 மி.லி.க்குக் கீழே இறங்கட்டும். சில வாரங்களுக்குக் கையைத் தோளுக்கு மேல் தூக்காமலும் பாரம் சுமக்காமலும் இருந்து, அதன் பிறகு பிசியோதெரபி தொடங்கலாம். பின்னர் நீர் கோர்த்தால் ஊசியால் உறிஞ்சி எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

எடுத்த கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். நுண்ணோக்கியில் தடித்த மீள்நார்கள் மணி கோத்ததுபோல் தெரிந்தால் நோய் உறுதி. முழுமையாக எடுத்த கட்டி மீண்டும் வளர்வது மிக அபூர்வம்.