சோறு போட்டால் போதுமா?

காப்பகத்துப் பிள்ளைகள் என்றாலே, "பாவம், யாருமில்லாத பிள்ளைங்க" என்கிறார்கள். இல்லங்களில் இருக்கும் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உண்டு. கணவனை இழந்து நூல் மில்லில் ஷிப்டு பார்க்கும் தாய், குடி குலைத்த வீடு என்று காரணம்தான் வேறு வேறு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. வறுமைதான் தடை என்றால், தகுதியுள்ள பிள்ளை வீட்டிலேயே வளர மிஷன் வாத்சல்யா என்ற அரசுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தாலே வழி சொல்வார்கள்.

"வேளாவேளைக்குச் சோறு, துணி, படிப்பு. வேறென்ன வேணும்?" என்னை அதிகம் வருத்தும் நம்பிக்கை இதுதான். ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கிய ஆய்வில் விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றவர்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் சென்றவர்கள், அறிவிலும் ஒட்டுதலிலும் தேறினார்கள். விடுதியிலும் சோறு இருந்தது. தன்னுடையவர் என்று சொல்ல ஒருவர் இல்லை.

ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் வேரூன்றிய சமூகக் கல்வியியலில், பராமரிப்பவர் வார்டன் அல்ல. பிள்ளையோடு சேர்ந்து சமைப்பார், சைக்கிள் பழுது பார்ப்பார். இருவருக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கும். அந்த வேலை வழியே உறவு வளரும். இது நமக்கும் புதிதில்லை. 1947-இல் சின்னாளபட்டி அருகே டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தில், நூற்பும் தோட்டமுமாகக் கைவேலை வழியே படிப்பைத் தந்தார்கள். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான சௌபாக்யா இல்லமும் அங்கே எழுந்தது.

முருங்கைக் கீரை உருவும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். "ஏம்மா முகம் வாடியிருக்கு?" என்று நேராகக் கேட்டால் வாய் திறக்காத பெண், கை கீரையில் இருக்கும்போது, "எங்கம்மா இதுல முட்டை உடைச்சு ஊத்தும்" என்பாள். கூட உட்கார்ந்து உருவும் பராமரிப்பாளர் அக்கா நிமிர்ந்து பார்க்கக்கூடாது. "நாளைக்கு நாமளும் ஊத்துவோம்" என்றால் போதும். மறுநாள் முட்டையை மறந்துவிடக் கூடாது.

"ரொம்பப் பாசம் காட்டினா, பிரியும்போது தாங்காது" என்றும் சொல்கிறார்கள். பிள்ளையை உடைப்பது பாசம் அல்ல, சொல்லாமல் கொள்ளாமல் போவது. வேலையை விட்டுப் போகிறவர் முன்கூட்டியே சொல்லி, விடைபெற்றுப் போகலாம்.

பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போட்டு, பிள்ளைகளோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போடுவதில் தப்பில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளின் அடையாளம் வெளிவரக் கூடாது என்பது அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், சில வேளை இரண்டும். சட்டத்தை விடுங்கள், நாளை வகுப்பில் அந்தப் படத்தைப் பார்த்தவன் என்ன கேட்பான்?

"பதினெட்டு முடிஞ்சா பொறுப்பு முடிஞ்சது" என்பதும் சரியில்லை. 21 வயது வரை பின்தொடர் பராமரிப்புக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. பிறந்தநாள் விருந்துக்கான பணத்தில், கோயம்புத்தூரில் புதிதாக வேலைக்குச் சேரும் ஒரு பையனுக்கு முதல் மாத அறை வாடகையைக் கட்டலாம். தீபாவளிக்கு லீவு விட்டால் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறி வருவதற்கும் அவனுக்கு ஒரு வீடு வேண்டும். வாசலில் அந்த அக்கா நிற்க வேண்டும்.