படம் யாருக்குச் சொந்தம்?
காட்டுயிர் ஒளிப்படப் போட்டி: ஒரு வகுப்பறைச் செயல்பாடு

ஒளிப்படப் போட்டி அறிவிப்புகளில் பரிசுத்தொகையும் கடைசித் தேதியும் பெரிய எழுத்தில் இருக்கும். அனுப்பிய படத்தின் உரிமை யாருக்கு என்பது விதிமுறைகளின் இறுதியில், சிறிய எழுத்தில் இருக்கும். அந்தச் சிறிய எழுத்தை மாணவர்களுக்கு வாசிக்கக் கற்றுத்தர, இரண்டு பாடவேளைகளில் நான் நடத்திய செயல்பாடு இது.

பின்னணி

எங்கள் சுற்றுச்சூழல் மன்றத்தைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர், வயல் வரப்பில் நத்தைகுத்தி நாரை நத்தையைக் கவ்வி நிற்பதைத் தம் அப்பாவின் கைபேசியில் படம் எடுத்திருந்தார். அதை அனுப்ப இரண்டு போட்டிகள் இருந்தன. இரண்டின் விதிமுறைகளையும் அமைப்புகளின் பெயரை நீக்கி நகலெடுத்துக் குழுக்களுக்குக் கொடுத்தேன்.

செயல்பாடு 1: சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஒரு வினா: "கைபேசி அப்பாவுடையது. படம் யாருடையது?" வகுப்பில் பாதிப் பேர் அப்பா என்றனர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, ஒளிப்படத்தின் படைப்பாளர் அதை எடுத்தவரே. கருவி யாருடையது என்பது பொருட்டல்ல. பின்வருவனவற்றைக் கரும்பலகையில் எழுதினேன்.

• பதிப்புரிமை படம் எடுத்தவுடனேயே பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை.
• படைப்பாளரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும்.
• உரிமையை மாற்றித் தர எழுத்துவடிவ ஒப்பந்தமும் கையொப்பமும் தேவை. காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும் (பிரிவு 19).
• உரிமையை விற்றுவிட்டாலும், "இது நான் எடுத்த படம்" என்று கோரும் உரிமை படைப்பாளரிடமே இருக்கும் (பிரிவு 57).
• 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. எனவே விதிகளைப் பெற்றோரும் படித்தறிய வேண்டும்.

செயல்பாடு 2: விதிகளை ஒப்பிடுதல்

ஒவ்வொரு குழுவும் ஐந்து வினாக்களுக்கு விதித்தாளில் அடிக்கோடிட்டு விடை தேடியது.

1. உரிமையைக் கேட்கிறார்களா, பயன்படுத்தும் அனுமதியை மட்டுமா?
2. பரிசு பெற்ற படங்களுக்கு மட்டுமா, வந்த எல்லாப் படங்களுக்குமா?
3. எதற்குப் பயன்படுத்துவார்கள்? எவ்வளவு காலம்?
4. எடுத்தவர் பெயர் வெளியிடப்படுமா?
5. விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ பயன்படுத்தினால் தனியே கேட்டுப் பணம் தருவார்களா?

முதல் போட்டியில் பரிசு அதிகம். ஆனால் வந்து சேரும் படங்கள் அனைத்தும் நடத்துபவருக்கே சொந்தம். பெயர் குறிப்பிடுவது அவர்கள் விருப்பம். இரண்டாவதில் பரிசு குறைவு. வென்ற படங்களை மட்டும், கண்காட்சிக்கும் போட்டி விளம்பரத்துக்கும், இரண்டு ஆண்டுகள், பெயருடன் பயன்படுத்துவார்கள். "அப்படின்னா முதல் போட்டியில தோத்தவங்ககிட்ட இருந்தும் படத்தை வாங்கிக்கிறாங்களா சார்?" என்று ஒரு மாணவர் கேட்டார். நான் விளக்க நினைத்ததை அந்த ஒரு கேள்வியே விளக்கிவிட்டது.

செயல்பாடு 3: நம் பக்க நேர்மை

நேர்மை இருபுறமும் வேண்டும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் 2009இல் முதற்பரிசு பெற்றது, வேலிக்கதவைத் தாண்டும் ஓநாயின் படம். அது பழக்கப்பட்ட ஓநாயாகவே இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவுசெய்ததால், 2010இல் பரிசு பறிக்கப்பட்டது. இதைச் சொன்னபின் மாணவர்களே விதிகள் எழுதினர்: கூட்டின் அருகில் போகக் கூடாது, இரை வைத்து அழைக்கக் கூடாது, கல்லெறிந்து பறக்கவைக்கக் கூடாது, சரணாலயத்தில் வனத்துறை விதிகளை மீறக் கூடாது, படத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது.

மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருக்கவும் சொன்னேன். எடுத்த நாள், நேரம், கருவி ஆகிய விவரங்கள் அதில்தான் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரமும் குறையும், அவ்விவரங்களும் நீங்கிவிடும்.

மாணவியின் முடிவு

முடிவை மாணவியிடமும் பெற்றோரிடமும் விட்டேன். பரிசுத்தொகை அந்தக் குடும்பத்துக்குச் சிறியதல்ல. அப்பாவுக்குத் தயக்கம் இருந்தது. உரிமை விதியை மாற்ற இயலுமா என்று முதல் போட்டிக்கு மாணவியே மின்னஞ்சல் எழுதினார். இயலாது என்று பதில் வந்தது. "ஜெயிச்சாலும் தோத்தாலும் நாரை என்கிட்டயே இருக்கட்டும்பா" என்று சொல்லி, இரண்டாவது போட்டிக்கு அனுப்பினார். பரிசு கிடைக்கவில்லை.

பின்னர் அப்படத்தைப் பள்ளி ஆண்டுமலரின் அட்டையில் வெளியிட விரும்பினோம். எந்த இதழுக்கு, எத்தனை படிகள், பெயர் எங்கே வரும் என்று எழுதி, அவரிடமும் பெற்றோரிடமும் கையொப்பம் பெற்றோம். இப்போது மாணவர்களின் ஓவியம், கவிதை எதை வெளியிட்டாலும் அதே தாளையே பயன்படுத்துகிறோம்.

மதிப்பீடு

"நம் பள்ளி ஓர் ஒளிப்படப் போட்டி நடத்தினால்" என்ற தலைப்பில் ஐந்து விதிகள் எழுதச் சொல்லுங்கள். படைப்பாளர், நடத்துபவர், பறவை ஆகிய மூன்று தரப்புக்கும் அவை நியாயமாக இருக்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் வழங்கலாம். தமிழ்ப் பாடத்தில் விண்ணப்பம் எழுதுதலுடனும், சமூக அறிவியலில் உரிமைகள் பற்றிய பாடத்துடனும் இதை இணைக்க முடியும். தொடக்க வகுப்புகளில் ஒளிப்படத்துக்குப் பதில் ஓவியத்தைக் கொண்டு, முதல் வினாவையும் நான்காம் வினாவையும் மட்டும் பேசினாலே போதும்.