வருடத்துக்கு என்ன வருமானம்? கணக்கெடுப்புக்கு வருபவரிடம் சொல்ல வேண்டிய பதில்

"வருடத்துக்கு என்ன வருமானம்?" என்று கணக்கெடுப்புக்கு வருபவர் கேட்டால், பெரும்பாலும் இரண்டு பதில்களே கிடைக்கின்றன. ஒன்று, விளைந்த நெல்லின் மொத்த மதிப்பு. மற்றொன்று, "செலவு போக என்ன மிஞ்சுகிறது?" என்ற அலுப்பு. இரண்டும் பொய் அல்ல. ஆனால் இரண்டுமே வருமானம் அல்ல. ஒரு வட்டாரத்தில் எத்தனை குடும்பங்கள் வறுமையில் இருக்கின்றன, இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள இடைவெளி கூடுகிறதா குறைகிறதா என்பதெல்லாம் இப்படி வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பதில்களைக் கூட்டித்தான் தெரிய வருகிறது. பதில் பிசகினால் முடிவும் பிசகும்.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். 2 ஏக்கர் நஞ்சை, 5 பேர். விளைச்சல் 40 குவிண்டால் நெல். குவிண்டால் 2,000 ரூபாய் என்று வைத்தால் மொத்த மதிப்பு 80,000 ரூபாய். உழவு, நடவு, உரம், மருந்து, அறுவடை என்று கையை விட்டுப் போனது 50,000. விற்றது 30 குவிண்டால். கைக்கு வந்த பணம் 60,000. ஆகவே மிச்சம் 10,000தான் என்று குடும்பத் தலைவர் நினைக்கிறார். ஆனால் வீட்டுச் சாப்பாட்டுக்கு நிறுத்திய 10 குவிண்டாலும் வருமானமே. அதைக் கடையில் வாங்கினால் பணம் கொடுக்க வேண்டும் அல்லவா? அதன் மதிப்பு 20,000. எனவே பயிரில் கிடைத்த வருமானம் 30,000 ரூபாய்.

இதோடு நிற்பதில்லை. வீட்டில் மாடு இருக்கிறது. பால் விற்றது 40,000, பிண்ணாக்கு, தவிடு, மருத்துவச் செலவு 22,000, மிச்சம் 18,000. கணவனும் மனைவியும் வெளியே கூலிக்குப் போனது இருவருக்குமாக 60 நாள்; நாளுக்கு 400 வீதம் 24,000. எல்லாம் சேர்த்தால் 72,000 ரூபாய். 5 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மாதம் 1,200. ஒரே குடும்பத்துக்கு 80,000 என்றும் 10,000 என்றும் 72,000 என்றும் மூன்று பதில்கள் வருகின்றன. மூன்றாவதுதான் கணக்கெடுப்புக்கு வேண்டிய பதில்.

கடன் வாங்கிய பணம் வருமானம் ஆகாது. நகையை விற்றதும் நிலத்தை விற்றதும் ஆகாது. அவை இருந்த சொத்தைக் கரைப்பவை. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் அனுப்பும் பணம் வரவில் சேரும். ஆனால் அதைத் தனி இனமாக எழுத வேண்டும்.

வைக்கோலுக்கு விலை உண்டா?

மேலே சொன்ன கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. மாடு தின்ற வைக்கோல் சொந்த வயலில் வந்தது. அதற்கு விலை போட்டால் பாலின் லாபம் சுருங்கும். இது சிறிய விஷயம் போலத் தோன்றும். 2019-ம் ஆண்டில் மத்திய அரசின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் விவசாயக் குடும்பங்களை ஆராய்ந்தது. 2018 ஜூலை முதல் 2019 ஜூன் வரையான விவசாய ஆண்டுக்கு, ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய் என்று வந்தது. கையிலிருந்து கொடுத்த செலவை மட்டும் கழித்த கணக்கு இது. சொந்தமாக விளைந்த தீவனம், விதை போன்றவற்றுக்கும் விலை போட்டுக் கழித்தபோது அதே வருமானம் 8,337 ரூபாயாக இறங்கியது. கால்நடை வருமானம் மட்டும் 1,582-லிருந்து 441 ஆகிவிட்டது! குடும்பங்கள் அவையே, மாடுகளும் அவையே. மாறியது கணக்குப் போடும் முறைதான்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்த 10,218 ரூபாயில் கூலி, சம்பளமாக வந்தது 4,063. பயிரில் வந்தது 3,798. விவசாயக் குடும்பம் என்று பெயர். ஆனால் அதைத் தாங்கிப் பிடிப்பதில் முதல் இடம் கூலிக்கு. கூலி நாட்களைச் சொல்ல மறக்கும் குடும்பம் தன் வருமானத்தில் பெரிய பங்கையே மறைத்து விடுகிறது.

ஆறு கிராமங்களில் பத்து ஆண்டுகள்

மறதிதான் இந்த வேலையில் முதல் எதிரி. ஆடியில் கொடுத்த கூலியைத் தையில் கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்? இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர்கள், ஐதராபாத்துக்கு அருகே பட்டஞ்சேருவில் உள்ள 'இக்ரிசாட்' என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார். 1975-ம் ஆண்டில் அவர்கள் ஆறு மானாவாரிக் கிராமங்களைத் தேர்ந்தெடுத்தனர். மகபூப்நகர் பகுதியில் ஔரேபள்ளி, டோக்கூர்; மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் ஷிராபூர், கல்மன்; அகோலா மாவட்டத்தில் கன்சாரா, கின்கேடா. கிராமத்துக்கு 40 குடும்பங்கள். கூலிக் குடும்பங்கள் 10, சிறு விவசாயிகள் 10, நடுத்தரம் 10, பெரிய விவசாயிகள் 10.

தகவல் திரட்டியவர்கள் அந்தந்த ஊர் மொழி தெரிந்தவர்கள், கிராமத்திலேயே குடியிருந்தார்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை அதே வீட்டுக்குப் போய், முந்தைய வருகைக்குப் பின் நடந்த வரவு செலவை மட்டும் கேட்டார்கள். இப்படிப் பத்து ஆண்டுகள். 2001-ம் ஆண்டு வாக்கில் அதே ஊர்களில் வேலை மீண்டும் தொடங்கியது.

இதனால் கண்ட பலன் பெரிது. ஒரே தடவை கணக்கெடுத்தால் "இத்தனை பேர் ஏழைகள்" என்ற ஒரு எண் கிடைக்கும், அவ்வளவுதான். அதே வீடுகளைத் தொடர்ந்து பார்த்தபோதுதான் யார் விழுந்தார், யார் எழுந்தார் என்பது தெரிந்தது. 1975-76 முதல் 1983-84 வரை ஒன்பது ஆண்டுகளையும் பொருளாதார அறிஞர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். எல்லா ஆண்டும் வறுமைக்கோட்டுக்குக் கீழேயே கிடந்த குடும்பங்கள் 100-க்கு 22 அளவில். ஒரு ஆண்டு கூடக் கீழே இறங்காத குடும்பங்கள் 100-க்கு 12 அளவுதான். மீதி 66 குடும்பங்கள் ஒரு ஆண்டு மேலே, ஒரு ஆண்டு கீழே என்று மழையோடு சேர்ந்து ஏறி இறங்கின.

இந்த இரு வகையாருக்கும் ஒரே மருந்து பலிக்காது. ஏறி இறங்குபவருக்குத் தேவை பயிர்க் காப்பீடு, காலத்தில் கடன், வறட்சியில் வேலை. ஒன்பது ஆண்டும் கீழே கிடப்பவருக்குக் காப்பீடு எதற்கு? காக்கப் பயிர் வேண்டுமே! அவருக்கு நிலமோ மாடோ நிலையான வேலையோ வேண்டும். ஒரு தடவைக் கணக்கு இருவரையும் ஒரே பட்டியலில் தள்ளிவிடும்.

அந்த ஆறு ஊர்களின் கணக்கிலிருந்து வேறு சில செய்திகளும் வெளிவந்தன. வருமானம் சரிந்த ஆண்டில் பல குடும்பங்கள் உழவு மாட்டை விற்றுச் சாப்பிட்டன. மறு ஆண்டு மழை பெய்தபோது ஏர் பூட்ட மாடு இல்லை. தூரத்து ஊரில் சம்பந்தம் செய்திருந்த குடும்பங்களின் சாப்பாட்டுச் செலவு பஞ்ச காலத்தில் அவ்வளவாக ஆட்டம் காணவில்லை. இங்கே மழை பொய்த்தாலும் அங்கே பொய்க்காமல் இருக்கலாம். சம்பந்தி வீட்டு உதவி வந்து சேரும். பெண் கொடுப்பதற்குள் இப்படி ஒரு காப்பீடு ஒளிந்திருப்பதைப் புள்ளிவிவரம் காட்டியது. பாட்டிமார்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கும்.

சராசரி மறைப்பது

ஏற்றத்தாழ்வை அளப்பது கடினமான வித்தை அல்ல. பத்து வீடுகளின் மொத்த வருமானம் 10 லட்சம் என்றால் சராசரி 1 லட்சம். கேட்க நன்றாக இருக்கிறது. வீடுகளைக் குறைந்த வருமானத்திலிருந்து வரிசையாக நிறுத்திப் பார்த்தால், கடைசி இரண்டு வீடுகளுக்கு மட்டும் 5 லட்சம், முதல் நான்கு வீடுகளுக்குச் சேர்த்து 1 லட்சத்து 20 ஆயிரம் என்று இருக்கலாம். கீழே உள்ள 100-க்கு 40 வீடுகளுக்கு 100-க்கு 12 பங்கு. மேலே உள்ள 20 வீடுகளுக்கு 50 பங்கு. இதையே ஒரே எண்ணில் சுருக்கிச் சொல்லும் அளவுக்கு, இத்தாலிய அறிஞர் ஜினியின் பெயர் வழங்குகிறது. எல்லோருக்கும் சமம் என்றால் 0. எல்லாம் ஒருவரிடமே என்றால் 1.

எந்த ஆண்டில் அளந்தோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் மொரதாபாத் பகுதியில் உள்ள பாலன்பூரை 1957-58 முதல் 2008-10 வரை ஆறு முறை ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் 1974-75 நல்ல விளைச்சல் ஆண்டு. 1983-84 விளைச்சல் கெட்ட ஆண்டு. இந்த இரண்டை மட்டும் எடுத்து ஒப்பிட்டால், ஊர் நொடித்துவிட்டது என்று தவறாக எழுதிவிடலாம்.

தமிழ்நாட்டுக்கு இந்த வேலை புதியது அல்ல. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ம் ஆண்டு வாக்கிலேயே தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் விவரங்களைத் திரட்டச் செய்தார். 1918-ல் அது நூலாக வந்தது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இருவேல்பட்டு அவற்றில் ஒன்று. 1930-களிலும், பிறகு 1961, 1981, 2008 ஆகிய ஆண்டுகளை ஒட்டியும் அந்த ஊரை அறிஞர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். தொண்ணூறு ஆண்டுக் கதையைச் சொல்லக் கூடிய ஊர்கள் உலகிலேயே அதிகம் இல்லை.

மறைப்பதால் யாருக்கு நஷ்டம்?

வரி வரும், ரேஷன் கார்டு போகும், உதவி நின்றுவிடும் என்ற அச்சத்தில் நிலத்தையும் வருமானத்தையும் குறைத்துச் சொல்பவர் உண்டு. மாதிரிக் கணக்கெடுப்பில் சில வீடுகளை மட்டுமே தேர்ந்தெடுக்கிறார்கள்; அந்தப் பதில் அந்த வீட்டுக்கு எந்தச் சலுகையையும் தருவதும் இல்லை, பறிப்பதும் இல்லை. 2008-ம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டமும் தனிப்பட்ட குடும்பத்தின் விவரத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

குறைத்துச் சொல்வதில் பெரிய விவசாயிக்கு மறைக்க நிறைய இருக்கிறது. கூலிக்காரருக்கு மறைக்க என்ன இருக்கிறது? இருப்பவர் பாதியைச் சொல்லி, இல்லாதவர் முழுவதையும் சொன்னால், தாளில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பார்கள். அந்த ஊரில் ஏற்றத்தாழ்வே இல்லை என்று முடிவு எழுதப்படும். நஷ்டம் சிறு விவசாயிக்கும் கூலிக்காரருக்கும்தான்.

குறிப்பு நோட்டு

நினைவை நம்புவதை விட ஒரு 40 பக்க நோட்டு மேல். ஜூலையில் தொடங்கி ஜூன் வரை எழுதுவது விவசாய ஆண்டோடு ஒத்துப் போகும். தினமும் எழுத முடியாவிட்டால் வாரச் சந்தை நாளில் எழுதலாம். பயிர், கால்நடை, கூலி, வெளிவரவு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பக்கம். கடனுக்கு வேறு பக்கம். வீட்டுக்கு எடுத்த நெல், பால், முட்டை, காய்கறி ஆகியவற்றை அன்றைய ஊர் விலையோடு குறிக்க வேண்டும். கூலியைச் சாப்பாடாகவோ தானியமாகவோ பெற்றிருந்தால் அதற்கும் விலை போட வேண்டும். பெண்கள் போன கூலி நாட்களை அவர்களையே கேட்டு எழுதுவது நல்லது. ஆண்கள் சொல்லும் கணக்கில் அவை பாதியாகிவிடுகின்றன. மூட்டை, மரக்கால் என்று எழுதினால் பக்கத்தில் கிலோவையும் குறித்து வைக்க வேண்டும். மூட்டையின் எடை ஊருக்கு ஊர் மாறும்.