துப்பாக்கியை இரவல் கேட்டால் என்ன சொல்வது?

"மாப்ள, மக்காச்சோளம் கதிர் பிடிச்சிருக்கு. ராத்திரியானா பன்னி இறங்கி மிதிச்சுட்டுப் போகுது. ஒங்க வீட்டுத் துப்பாக்கியை ரெண்டு நாளைக்குக் குடுங்க. சும்மா ஒரு வெடி போட்டு விரட்டிட்டு, கொண்டாந்து தந்துடுறேன்."

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு மலையடிவாரத்தில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு வீட்டுக்கு இப்படியொரு கேள்வி வருவதாக வைத்துக்கொள்வோம். கேட்பவர் அந்நியர் இல்லை, பெண் கொடுத்த வீடு. மண்வெட்டி, மோட்டார், டிராக்டர் எல்லாம் கேட்டால் கொடுத்துப் பழகிய உறவு. "முடியாது" என்று சொன்னால் முகம் சுண்டிப்போகும். கொடுத்தால் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்கு இந்த மாதப் பாடத்தில் பதில் பார்ப்போம்.

ஒரே வரியில் சொன்னால், கொடுக்கக் கூடாது. ஏன் கூடாது, கொடுக்காமல் உறவுக்கு எப்படி உதவுவது என்பதுதான் விஷயமே.

உரிமம் யாருக்கு?

முதலில் உங்கள் உரிமத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர், போட்டோ, முகவரி, துப்பாக்கியின் வகை, அதன் எண் எல்லாம் அதில் இருக்கும். விண்ணப்பித்தபோது உங்களைப் பற்றித்தான் போலீஸ் விசாரித்து அறிக்கை கொடுத்தார்கள். உங்களுக்கு வழக்கு இருக்கிறதா, மனநிலை சரியாக இருக்கிறதா, என்ன காரணத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று பார்த்த பிறகுதான் உரிமம் வந்தது. அந்த விசாரணை உங்கள் மச்சானுக்கு நடக்கவில்லை. அதனால் அந்த அனுமதி அவருக்குச் செல்லாது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்கவோ எடுத்துச் செல்லவோ கூடாது என்கிறது. அதே பிரிவில் சின்னதாக ஒரு விலக்கும் இருக்கிறது. உரிமதாரர் கூடவே இருக்கும்போது, அல்லது அவர் கையெழுத்திட்ட எழுத்துப்பூர்வ அனுமதியோடு, இன்னொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். ஆனால் மூன்று காரியங்களுக்கு மட்டும்தான்: பழுது பார்க்க, உரிமத்தைப் புதுப்பிக்க, உரிமதாரரே பயன்படுத்துவதற்காகக் கொண்டுபோக.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். "கடிதம் எழுதிக் கொடுத்துட்டா போதும்ல?" என்று கேட்பார்கள். போதாது. கடிதம் இருந்தாலும் மச்சான் தன் தோட்டத்தில் தன் தேவைக்குச் சுடுவது அந்த மூன்றில் வராது.

"அவரிடமும் உரிமம் இருக்கே" என்றால்? அவர் உரிமத்தில் எழுதியிருப்பது அவருடைய துப்பாக்கியின் எண். உங்களுடையது அதில் இல்லை. நிரந்தரமாகவே அவருக்கு விற்கவோ மாற்றவோ நினைத்தாலும் உடனே கையில் தூக்கிக் கொடுக்க முடியாது. மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகுதான் மாற்றலாம். வாங்குபவருக்கு அதை வைத்திருக்கும் தகுதியும் இருக்க வேண்டும்.

தண்டனை யாருக்கு?

இரண்டு பேருக்குமே. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதம். இது வாங்கியவருக்கு. அவருக்கு உரிமை இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் துப்பாக்கியை ஒப்படைத்தவருக்கு 29-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உங்கள் உரிமமும் ரத்தாகலாம். அந்தத் துப்பாக்கியால் யாருக்காவது காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் வழக்கு இன்னும் பெரிதாகும்.

காட்டுப்பன்றி விஷயத்தில் இன்னொரு சட்டமும் குறுக்கே வருகிறது. காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் விலங்கு. துப்பாக்கி உரிமம் இருக்கிறது என்பதற்காகவே அதைச் சுட்டுவிட முடியாது. நம் மலையடிவாரம் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் ஓரம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பன்றியை விரட்டப் போன மச்சான் இரண்டு சட்டங்களில் மாட்டுவார்.

"என் நண்பனுக்காகச் செய்தேன்" என்பது நீதிமன்றத்தில் தப்பிக்கும் வழி இல்லை. 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் நடிகர் சஞ்சய் தத் சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காக ஆயுதச் சட்டத்தில் தண்டனை பெற்றார். 2013-இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை உறுதி செய்து, தண்டனையை 5 ஆண்டாகக் குறைத்தது. அவர் கேட்டுக்கொண்டதற்காக அந்த ஆயுதத்தைக் கையாண்ட நண்பர்களும் குற்றவாளிகள் என்றே தீர்ப்பானது. அது இரவல் கொடுத்த வழக்கு இல்லைதான். ஆனாலும் நட்புக்காக ஆயுதத்தைத் தொட்டவருக்குச் சட்டம் தனிச் சலுகை தராது என்பதற்கு அது போதுமான உதாரணம்.

நம்ம ஊர் ஏற்கெனவே படித்த பாடம்

இரவல் உரிமம் என்ன செய்யும் என்று விருதுநகர் மாவட்டத்துக்கு வெளியூர்க்காரர் யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. துப்பாக்கிக்குப் பதில் பட்டாசை வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

2021 பிப்ரவரி 12-ஆம் தேதி, சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது. உரிமம் ஒருவர் பெயரில், ஆலையை நடத்தியது குத்தகைக்கும் உள்குத்தகைக்கும் எடுத்தவர்கள் என்பது வெளியே வந்தது. வழக்கு குத்தகைக்காரர்களோடு நின்றுவிடவில்லை. உரிமதாரரின் பெயரும் அதில் சேர்ந்தது.

உள்குத்தகையில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். உரிமதாரர் நம்பிக் கொடுப்பது ஒருவருக்கு. அவர் அறைகளைப் பிரித்து வேறு ஆட்களுக்கு விடுகிறார். எந்த அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து, கலவை செய்பவருக்குப் பயிற்சி உண்டா என்று முதல் ஆளுக்கே தெரியாமல் போகிறது. கடைசியில் அவரிடம் மிஞ்சுவது உரிமத்தில் இருக்கும் பெயர் மட்டும்தான்.

துப்பாக்கியும் அப்படித்தான் கைமாறும். நீங்கள் மச்சானிடம் கொடுக்கிறீர்கள். மச்சான் அதைத் தோட்டக் காவலாளியிடம் விடுகிறார். காவலாளியின் கூட்டாளி ஒரு நாள் எடுத்துப் பார்க்கிறான். நீங்கள் மச்சானை நம்பியது சரியாகவே இருக்கலாம். ஆனால் நான்காவது ஆளை நீங்கள் பார்த்ததுகூட இல்லை. தீபாவளிக்கு வாங்கிய பொட்டு வெடித் துப்பாக்கியைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுப்பது மாதிரியான விஷயம் இல்லை இது.

கேட்பவரின் மனநிலையையும் யோசிக்க வேண்டும். பங்காளித் தகராறு, வரப்புச் சண்டை, கடன், குடி, மன உளைச்சல் இதெல்லாம் உறவுக்காரர் நம்மிடம் சொல்லாமலே வைத்திருக்கும் சங்கதிகள். "பன்னிக்கு" என்று வாங்கிப்போன துப்பாக்கி, கோபம் தலைக்கேறிய ஒரு ராத்திரியில் வேறு பக்கம் திரும்பலாம். அல்லது அவர் மேலேயே திரும்பலாம். கையெட்டும் தூரத்தில் ஆயுதம் இல்லாமல் இருப்பதே பல நேரம் ஒரு உயிரைக் காக்கும். கேட்பவரின் பேச்சில் வாழ்க்கை வெறுத்துப்போன தொனி தெரிந்தால், துப்பாக்கிப் பேச்சை விட்டுவிட்டு அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். 104 அல்லது டெலி மானஸ் எண் 14416-க்கு அழைத்தால் மனநல ஆலோசனை கிடைக்கும்.

சரி, என்னதான் செய்யலாம்?

பன்றித் தொல்லைக்கு: மச்சானை வனச்சரக அலுவலகத்துக்கு நீங்களே கூட்டிப் போங்கள். பயிர்ச் சேதத்துக்கு மனு எழுத உதவுங்கள். சேதத்தைத் தேதி தெரியும்படி செல்போனில் போட்டோ எடுத்து, பட்டா, அடங்கல் நகலோடு கொடுங்கள். இரவல் துப்பாக்கியைவிட இது உண்மையான உதவி.

நீங்கள் வெளியூர் போவதாக இருந்தால்: "தம்பி வீட்டில் வச்சுட்டுப் போறேன்" என்பது வேண்டாம். காவல் நிலையத்திலோ, பாதுகாப்பில் வைக்க உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொல்லும்போது செய்வது மாதிரிதான்.

பழுது பார்க்க: நீங்களே கொண்டுபோவது நல்லது. முடியாவிட்டால் கொண்டுபோகிறவர் பெயர், துப்பாக்கி எண், தேதி, எந்தக் கடைக்கு, எதற்காக என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்து அனுப்புங்கள்.

வீட்டுக்குள்: குண்டுகளை எடுத்துவிட்டுப் பூட்டி வையுங்கள். குண்டுகள் வேறு இடத்தில், அதுவும் பூட்டில் இருக்கட்டும். சாவி இருக்கும் இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியமாக இருக்க வேண்டாம்.

மகனுக்கோ மகளுக்கோ கொடுக்க விரும்பினால்: இரவலாக வேண்டாம், முறையாகவே வழி இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது தன் சட்டப்பூர்வ வாரிசின் பெயரில் உரிமம் கோரலாம். வாரிசும் தனியாக விண்ணப்பித்து, போலீஸ் விசாரணை முடிந்து உரிமம் பெற வேண்டும். 21 வயது நிரம்பியிருக்கவும் வேண்டும். ஒருவர் பெயரில் இப்போது அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான்.

உரிமதாரர் இறந்துவிட்டால்: "அப்பா ஞாபகமா இருக்கட்டும்" என்று பரணில் வைக்காதீர்கள். அவரோடு அந்த உரிமமும் முடிந்துவிட்டது. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படையுங்கள். இறப்புச் சான்றிதழும், இ-சேவை வழியாக விண்ணப்பித்துப் பெறும் வாரிசுச் சான்றிதழும் கையில் வந்ததும், ஆட்சியர் அலுவலகத்தில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்கலாம்.

ஏற்கெனவே கொடுத்திருந்தால்?

இதைப் படிக்கும்போது சிலருக்கு நெஞ்சு பக்கென்று இருக்கலாம். இன்றைக்கே சட்ட ஆலோசனை கேளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் இலவச சட்ட உதவி கேட்கலாம். துப்பாக்கி திரும்பி வரும் வரை சும்மா காத்திருக்க வேண்டாம். வாங்கியவர் தர மறுத்தாலோ, "தொலைஞ்சு போச்சு" என்றாலோ தாமதிக்காமல் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது பெறுங்கள். ஆபத்து என்று தோன்றினால் உடனே 112. நீங்கள் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்தத் துப்பாக்கியால் நடப்பது உங்கள் பெயரில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

எப்படிச் சொல்வது?

மறுப்பதுதான் கஷ்டம். "ஒன்ன நம்பலன்னு நினைக்காத மச்சான். இதுல என் பேரும் நம்பரும் இருக்கு. நீ கையில பிடிச்சிருக்கிறப்போ யாராவது பார்த்தா, மொதல்ல ஒன்னத்தான் தூக்குவாங்க. அது எனக்கு வேண்டாம். வா, நாளைக்கு ரேஞ்சர் ஆபீசுக்குப் போவோம்." இப்படிச் சொல்லிப் பாருங்கள். மறுப்புக்குக் காரணம் அவர் மேல் இருக்கும் அக்கறை என்பது அவருக்குப் புரியும்.

முகம் இரண்டு நாள் சுண்டியிருக்கும். அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனால் சரியாகிவிடும். அச்சங்குளத்தில் நடந்ததை எந்தப் பத்திரிகை வைத்தும் சரி செய்ய முடியவில்லை.