நன்னூலார் விடைவகையும் விமானக் கம்பெனித் தலைவர் பேட்டிகளும்

ஒருவர் வினவ மற்றொருவர் விடையிறுத்தல் மிக எளிய செயலெனத் தோன்றும். ஆயினும் நம் இலக்கண ஆசிரியர்கள் அதனை எளிதென விடுத்தாரல்லர். தொல்காப்பியனார் சொல்லதிகாரத்தின் முதலியலிலேயே வினாவும் விடையும் பிழைபடாமற் காக்கப்படவேண்டுமென்றார். பவணந்தி முனிவர் நன்னூற் பொதுவியலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். ஆனர்ஸ் வகுப்பில் இப்பகுதியை யாம் பாடங்கேட்ட வாரத்தில், விடுதி நண்பரொருவர் அயர்லாந்து நாட்டு விமானக் கம்பெனித் தலைவர் ஒருவரின் தொலைக்காட்சிப் பேட்டிகளை எமக்குக் காட்டினார். நண்பர் காட்டியது நகைப்பிற்காக. யாமோ நகைத்துக்கொண்டே, இஃது எவ்வகை விடை, அஃது எவ்வகை விடை என எண்ணத் தொடங்கினோம். அவ்வெண்ணத்தின் பயனே இக்கட்டுரை.

முதற்கண் எட்டு விடைகளையும் நம் பொருளுக்கேற்ப நினைவுகூர்வோம். விமானம் புறப்படாது நின்றுவிட்டதாகக் கொள்க. பிரயாணி கம்பெனியாரை நோக்கி, "பணத்தைத் திருப்பித் தருவீரா?" என்கின்றார். "தருவோம்" என்பது நேர் விடை. "தாரேம்" என்பது மறை விடை. "பணந்தரும் இடம் எது?" என்பார்க்கு "இது" எனக் காட்டின் அது சுட்டு. இம்மூன்றும் செவ்வன் இறை எனப்படும். இனி, "நீரே தாரும்" எனின் ஏவல், "தாராதிருப்போமோ?" எனின் வினாவெதிர் வினாதல், "எமக்குப் பெருநஷ்டம் வந்துற்றது" எனின் உற்றதுரைத்தல், "தந்தால் நஷ்டம் வரும்" எனின் உறுவது கூறல், "அடுத்த பிரயாணத்திற்குச் சலுகைச் சீட்டுத் தருவோம்" எனின் இனமொழி. இறுதியிற் சொன்னதை யாம் கற்பனையாகக் கூறவில்லை. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் விமானங்கள் நின்றபொழுது, பணங்கேட்ட பல்லாயிரம் பிரயாணிகட்கு உலகின் பல விமானக் கம்பெனிகள் இறுத்த விடை இவ்வினமொழியே.

இவ்வைந்தும் குறிப்பால் உடன்பாட்டையோ மறுப்பையோ உணர்த்துதலின் இலக்கணத்தார் அவற்றையும் விடையென ஏற்றனர். கேட்போன் குறிப்பை உணரவியலாதாயின் அது விடையன்று, வழுவே. ஊருக்கு வழி வினவியவனுக்கு நூலின் நிறையைச் சொல்லுதலை உரையாசிரியர்கள் இதற்குக் காட்டாகத் தருவர். (எமது வாய்மொழித் தேர்வில் ஆகுபெயரைப் பற்றிக் கேட்கப்பெற்று அன்மொழித்தொகையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினோம். அஃது இனமொழியா, வழுவா என்பதனைத் தேர்வாளர் தந்த மதிப்பெண் நன்கு விளக்கிற்று.)

இனி அத்தலைவர்பாற் செல்வோம். அவர் பெயர் மைக்கேல் ஓலியரி. 1985இல் வாட்டர்போர்டு நகரிலிருந்து இலண்டனுக்குப் பதினைந்து பேர் அமரும் சிறு விமானத்துடன் தொடங்கிய ரையன்ஏர் கம்பெனி, அவர் 1994இல் தலைமை ஏற்றபின் ஐரோப்பாவிற் பெருங் கம்பெனியாயிற்று. 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் அது ஏற்றிச் சென்ற பிரயாணிகள் இருபது கோடியினர். கட்டணம் மிகக் குறைவு. கட்டணத்தின் மேல் வரும் சிறு கட்டணங்களோ பல. ஆகவே பேட்டி காண்போர் கேட்பதற்குக் குறைவில்லை. ஓலியரியும் ஒளிபவரல்லர். வாயில் வந்ததைச் சொல்பவர், அஞ்சாநெஞ்சர், பிரயாணிகளையும் அரசினரையும் ஒருங்கே ஏசுபவர் என்பது அவரைப் பற்றி உலகிற் பரவிய அபிப்பிராயம்.

இவ்வபிப்பிராயத்தில் ஒரு மயக்கம் உண்டென்பது எம் கருத்து. வெடுக்கெனப் பேசுதல் வேறு, நேரே விடையிறுத்தல் வேறு.

2009 பிப்ரவரியில் நிகழ்ந்ததனைக் காண்க. அக்காலத்து ரையன்ஏர், விமான நிலையங்களிலுள்ள தன் பதிவு மேசைகளை அவ்வாண்டிறுதிக்குள் மூடிவிடப் போவதாக அறிவித்திருந்தது. பிரயாணிகள் வீட்டிலிருந்தே சீட்டை அச்சிட்டு வரவேண்டும். முதியோர்க்கும் கணிப்பொறி அறியாதார்க்கும் இது பெருந்தொல்லை. மறந்து வந்தவர்க்கோ பெருஞ்செலவு. அவ்வமயம் பிபிசியின் காலைத் தொலைக்காட்சியில் தோன்றிய ஓலியரி, விமானக் கழிப்பறைக் கதவில் காசு போடும் துளை அமைப்பது பற்றி எண்ணிவருவதாகவும், பிரயாணி ஒரு பவுன் செலுத்த நேரலாமெனவும் கூறினார். மறுநாள் முதல் பத்திரிகைகளெங்கும் கழிப்பறைப் பேச்சே. கம்பெனியின் பேச்சாளரோ, தலைவர் இத்தகையவற்றைப் பேசும்பொழுதே புனைந்துகொள்வது வழக்கமென்னும் கருத்துப்பட உரைத்து, உடனடித் திட்டம் யாதுமில்லையென்றார். அத்துளை இன்றளவும் எவ்விமானத்தும் அமைக்கப்படவில்லை. பதிவு மேசைகளைப் பற்றிய பேச்சு என்னவாயிற்று? அதனை எவரும் பெரிதாக எடுத்துப் பேசவில்லை. ஒரு காசும் செலவின்றிக் கம்பெனியின் பெயர் உலகெங்கும் ஒலித்தது. பின்னர் நின்றுகொண்டு பிரயாணஞ் செய்யும் இருக்கைகளைப் பற்றியும் அவர் பேசினார், அவையும் வரவில்லை.

இவ்விடையை எட்டனுள் எதன்பாற் படுத்துவது? இனமொழியெனச் சொல்ல யாம் முதலில் விழைந்தோம். ஆயின் இனமொழியில் மறுப்பேனும் புலப்படும். மூத்தோர் ஒருவர் இப்பேட்டியைக் கேட்டு, தமக்கு மேசையில் உதவி கிடைக்குமா கிடையாதா என அறிந்திரார். எனவே இது நூலின் நிறை சொல்லும் வழுவே. ஆயினும் மிக்க திறமையுடைய வழு. வழுவென்று தோன்றாமல், கள்ளங்கபடமற்ற ஒருவரின் பேச்சென்று தோன்றுவதே அதன் திறம்.

அவ்வாண்டு அக்டோபரில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி அக்கம்பெனியைப் பற்றி ஒரு முழுநிகழ்ச்சி ஒளிபரப்பிற்று. அதில் வினாக்களுக்கு விடை தர ஓலியரி ஒரு நிபந்தனை விதித்தார்: பேட்டி நேரலையாக இருத்தல் வேண்டும், அன்றேல் வெட்டாமல் முழுதும் காட்டப்படவேண்டும். பிபிசியார் இசையவில்லை. இரு திறத்தார்க்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைக் கம்பெனியே வெளியிட்டது. இதில் அவர்பக்கம் நியாயமில்லையென யாம் கூறோம். ஒருமணி நேரப் பேச்சை வெட்டி ஒரு நிமிடமாக்குங்கால், முன்னிருந்த வாக்கியம் பின்னும் பின்னிருந்தது முன்னும் செல்லக்கூடும். ஓர் ஏவல் விடை கடுஞ்சொல்லாகவும், ஓர் எதிர்வினா அகந்தையாகவும் காட்டப்படக்கூடும். ஆயின் நேரலையிலும் ஒரு குறை உண்டு. நிமிடங்கள் சிலவே; விரைந்து பேச வல்லார் அவற்றை நிரப்பிவிடுவர். வினவுவோர் அதே வினாவை மும்முறை தொடுக்குமுன் பொழுது முடிந்துவிடும். எனவே அவர் வேண்டியது நியாயமேயாயினும், தமக்கு வாய்த்த களத்தையே வேண்டினார் என்பதும் உண்மை.

இவ்விடத்து வினாவின் இயல்பையும் ஆராய்தல் வேண்டும். நன்னூலார் கூறும் அறுவகை வினாவுள், வன்மையாகப் பேட்டி காண்போர் வினவுவது பெரும்பாலும் அறிவினா. ஆசிரியர் மாணாக்கரை வினவுதல் போல, விடையை அறிந்தே கேட்பது. கையில் சட்டத்தின் நகல் உண்டு, பிரயாணிகளின் கடிதங்கள் உண்டு. அவர் கேட்பது தாம் அறிதற்பொருட்டன்று, வீட்டிலிருந்து காணும் அறியாதார்பொருட்டு. ஓலியரி போல்வார் அதனை அறிந்தே, எதிரிலிருப்பவரைத் தம்மோடு வாதிடும் ஓர் எதிராளியாக்கிவிடுகின்றனர். "நீர் எத்துணைக் கட்டணத்திற் பிரயாணஞ் செய்தீர்? எம்மைப்போல் குறைவாக வேறெவர் தருவர்?" என்னும் பாங்கில் வினாவெதிர் வினாவினால், காண்போர் இருவரின் மல்லினைக் கண்டு மகிழ்வர், தாம் கேட்க விழைந்ததை மறப்பர்.

மல்லுக்கு இடமில்லாத நேரமும் உண்டு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் ஐரோப்பாவின் வானம் பல நாள் அடைக்கப்பட்டது. தங்குமிடமும் உணவும் கம்பெனியார் தரவேண்டுமென்பது 2004ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சட்டம். சில பவுன் கட்டணம் செலுத்தியவர்க்குப் பன்மடங்கு செலவழிப்பது முறையோ என ஓலியரி சீறினார்; செலுத்திய கட்டணத்தின் அளவே தரப்படுமென அறிவித்தார். அவர் சொன்ன குறை பொருளற்றதன்று. ஆயின் மறை விடையைத் தெளிவாகச் சொல்லிவிட்டமையால், அது சட்டத்தோடு நேரே மோதிற்று. மறுநாளே அவர் பின்வாங்கி, சட்டப்படி தருவதாக ஒப்பினார்.

இவரோடு மாறுபட்ட ஒருவரை இடையே நோக்குவோம். 2017 ஏப்ரலில் சிக்காகோ நகரில், யுனைடெட் கம்பெனி விமானத்தில் அமர்ந்திருந்த பிரயாணி ஒருவரைக் காவலர் இழுத்துச் சென்ற காட்சியை உலகம் கண்டது. அக்கம்பெனித் தலைவர் ஆஸ்கர் முனியோஸ் மென்மையாகப் பேசுபவர். அவர்தம் முதல் அறிக்கையோ, வேறு இடவசதி செய்து தர நேர்ந்தது என்னும் பொருள்பட, குருதி சிந்தியதனை அலுவலகச் சொல்லால் மூடிற்று. மூன்று நாட்குப்பின் ஏபிசி தொலைக்காட்சியில் அவரை வினவினர்: பிரயாணியின்மேல் ஏதேனும் குற்றம் உண்டோ? இல்லை என்றார், கட்டணம் செலுத்தி நம் இருக்கையில் அமர்ந்திருந்தவர் குற்றவாளியாதல் எங்ஙனம் என்றார், நாணினேன் என்றார். விடை செவ்வனே வந்தது. மூன்று நாள் முன்னரே வந்திருந்தால் என்ன என்றுதான் எமக்குத் தோன்றிற்று. மென்மையான சொல்லும் வினாவை மறைக்கவல்லது என்பதற்காகவே இதனை ஈண்டுக் கூறினோம். இலண்டன் ஹீத்ரோ நிலையத்தின் ஐந்தாம் முனையம் 2008 மார்ச்சில் திறக்கப்பட்டுப் பெட்டிகள் ஆயிரக்கணக்கிற் குவிந்து கிடந்தபொழுது, பிரிட்டிஷ் ஏர்வேஸ் தலைவர் வில்லி வால்ஷ் பொறுப்பு தம்மதே என்றார். அதுவும் நேர் விடையே. ஆயினும் அடுத்த மாதம் பதவி நீங்கியோர் வேறிரு மேலதிகாரிகள்.

ஓலியரியின் வாழ்வில் மிகச் செவ்வையான விடைகள் வெளிப்பட்டது 2017 செப்டம்பரில். விமானிகளின் விடுமுறை ஆண்டை ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஜனவரித் தொடக்கத்திற்கு மாற்றுங்கால், ஓராண்டு விடுமுறையை ஒன்பது மாதத்திற்குள் அடக்க நேர்ந்தது. கணக்குத் தவறிற்று. நாளொன்றுக்கு நாற்பது முதல் ஐம்பது விமானங்கள் வீதம் ஆறு வாரத்திற்கு நிறுத்தப்பட்டன. ஏறத்தாழ 3,15,000 பிரயாணிகள் அல்லலுற்றனர். செப்டம்பர் 18 அன்று நிருபர்கள் முன்னும் கேமராக்கள் முன்னும் அவர் வந்தார். யாருடைய தவறு? எம்முடையதே, யாமே குழப்பினோம் என்றார். நகைச்சுவை இல்லை, எதிர்வினா இல்லை. பிற கம்பெனி விமானங்களில் செல்லும் செலவைத் தருவீரா? தாரேம் என்றார்.

முன்னது நேர், பின்னது மறை. முன்னதைக் கேட்டோர் அவரைப் புகழ்ந்தனர். எமக்கோ பின்னதே பெரிதெனப் படுகின்றது. அது தவறான விடை. தகுந்த மாற்று விமானம் தம்மிடம் இல்லையாயின் பிறர் விமானத்தில் இடம் பெற்றுத் தருதல் சட்டத்தின் கடமை. ஆயின் அதிற் குறிப்பாக உணரவேண்டியது ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து கண்ட பிரயாணி தமக்கு மறுக்கப்பட்டதை ஐயமின்றி அறிந்தார். பிரிட்டனின் விமானப் போக்குவரத்து அதிகார சபையும் அறிந்தது. அவ்விடை சட்டத்திற்கு மாறானதென எழுதிற்று. பின்னர் பிரயாணிகளை உரிமை பற்றித் தவறாக நடத்திவருவதாகக் கூறி அம்மாத இறுதியில் நடவடிக்கை தொடங்கிற்று. கழிப்பறைத் துளையைப் பற்றி எந்தச் சபையும் எழுதியிருக்க முடியாது. பற்றிக்கொள்ள அதில் விடையே இல்லை. செப்டம்பர் 29ஆம் நாள் ரையன்ஏர், தன் விமானத்தில் இடமில்லாவிடின் பிற கம்பெனி விமானங்களிலும் பிரயாணிகளை அனுப்புவதாகத் தெளிவாக எழுதி வெளியிட்டது.