வெள்ளைக் கேண்டிலும் கறுப்புக் கார்பனும்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு குழாய்கள். ஒன்றில் கார்ப்பரேஷன் தண்ணீர், மற்றதில் போர் தண்ணீர். டிஸ்கஸ் மீனுக்காக ஆர்.ஓ. மாட்டிய அன்று, எந்தக் குழாயில் இணைப்புக் கொடுப்பது என்று மெக்கானிக்கும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. மீன் வளர்ப்பவர்களிடம் ஆர்.ஓ. மெம்பிரேனுக்கு முன்னால் நிற்கும் பிரீ ஃபில்டர் பற்றி உலவும் நம்பிக்கைகள் பலவும் இந்த யோசிக்காத இடத்தில் பிறந்தவைதான்.

“கேண்டில் வெள்ளையாக இருக்கிறவரை எதையும் மாற்ற வேண்டாம்.”

இதை நம்பி நான் ஒரு மெம்பிரேனையே பறிகொடுத்தேன். முதல் பவுலில் இருக்கும் ஸ்பன் கேண்டில் மண்ணையும் துருவையும் பிடிக்கும். அது பழுப்பேறுவது யார் கண்ணுக்கும் தெரியும். அடுத்து நிற்கும் கார்பனின் முக்கிய வேலை குளோரினை நீக்குவது. அதன் சக்தி தீர்ந்தாலும் நிறம் மாறாது. வாங்கிய நாள் போலவே கறுப்பாக உட்கார்ந்திருக்கும்.

திருச்சிக்குக் குடிநீர் வருவது கம்பரசம்பேட்டை முதலான இடங்களில் காவிரி, கொள்ளிடம் ஆற்றுப்படுகையில் இறக்கிய கிணறுகளிலிருந்து. ஆற்று மணலே வடிகட்டிவிடுவதால் சாதாரண நாளில் கலங்கல் குறைவு. கேண்டில் மாதக்கணக்கில் வெள்ளையாகவே இருக்கும். குளோரின் கதை வேறு. வீட்டுக் குழாயில் வரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரம். வீட்டு ஆர்.ஓ.க்களில் உள்ள பாலியமைடு மெம்பிரேனுக்கோ 0.1 தாண்டினாலே ஆகாது. நமக்குக் காவலாக இருப்பது அதை மெல்ல அரிக்கும். என் கேண்டில் வெள்ளையாகச் சிரித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் உள்ளே நடந்தது அதுதான்.

“கார்பன் போனால் டி.டி.எஸ். மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும்.”

காட்டும், காரியம் கெட்ட பிறகு. அந்த மீட்டர் அளப்பது கரைந்திருக்கும் உப்புகளை. குளோரின் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. மெம்பிரேன் அரித்து உப்பு கசியும்போதுதான் எண் ஏறும். குளோரினைப் பார்க்க ஓ.டி. சொட்டு மருந்து போதும். ஆர்.ஓ.வின் கழிவுநீர்க் குழாயில் கொஞ்சம் பிடித்து, சொட்டு விட்டு, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். அந்தத் தண்ணீர் கார்பனைத் தாண்டி வந்தது. மஞ்சள் தட்டினால் அன்றே கார்பனை மாற்ற வேண்டியதுதான். மருந்து நச்சு, சோதித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.

“ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றினால் சரி.”

தேதி ஒரு ஞாபகக் குறிப்பு, அவ்வளவே. தெருவில் குழாய் உடைந்து ஒட்டிய மறுநாள் செம்மண் கரைசலாக வந்தால், போன வாரம் போட்ட கேண்டில்கூட அடைத்துக்கொள்ளும். மாற்றிய அன்று ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். நேரம் கணிசமாகக் கூடினால் முதலில் கேண்டிலைப் பாருங்கள்.

“பிரஷ் போட்டுத் தேய்த்தால் புதுசு.” மேல்தோல் மட்டும் வெளுக்கும். ஸ்பன் கேண்டில் தன் தடிமன் முழுவதிலும் அழுக்கைப் பிடிப்பது. உள்ளே போனது தேய்த்தால் வராது. கார்பனை வெந்நீரில் போட்டு எடுப்பதும் வீண் வேலை.

“1 மைக்ரான் என்றால் 5 மைக்ரானைவிட உசத்தி.” சீக்கிரம் அடைக்கும். முதல் பவுலுக்கு 5 போதும்.

“போர் தண்ணீர் கடினமா? இன்னொரு கார்பன் போடு.” இங்கேதான் பணம் அதிகம் விரயமாகிறது. நேரடிப் போர் தண்ணீரில் குளோரினே இல்லை, கார்பனுக்கு வேலையும் குறைவு. குடத்தின் விளிம்பில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு கேண்டிலையும் கார்பனையும் சாவகாசமாகத் தாண்டிப் போய் மெம்பிரேன்மேல் படியும். அதைத் தடுக்க மென்னீராக்கியோ படிவுத் தடுப்பானோ வேண்டும். நான் கடைசியில் இணைப்பைக் கார்ப்பரேஷன் குழாயிலேயே வைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டுப் பையன் கப்பியும் மோலியும் வளர்க்கிறான். எனக்கும் ஆர்.ஓ. வேண்டுமா மாமா என்று கேட்டான். கடினத் தண்ணீர் அந்த மீன்களுக்குப் பிடித்தது, உன் போர் தண்ணீரே போதும் என்றேன். முகம் வாடிவிட்டது. ஆர்.ஓ. பவுலுக்குள் தண்ணீர் சுழல்வதை வேடிக்கை பார்க்கத்தான் ஆசையாம்.